காவேரிப் பாலத்தில் நின்ற கார்

போன இதழில் வற்றல் மிளகாயில் வண்டு விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று எழுதிவிட்டு, இந்த இதழில் கார் ரிப்பேர் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். "இந்த மாமிக்கு என்ன வந்தது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. சமையலறையிலிருந்து நேரே பானெட்டுக்குள் தலையை விட வேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசை இல்லை, சகோதரிகளே! சந்தர்ப்பம் இழுத்துக்கொண்டு போய் விட்டது.

இவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோனது பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். பேச்சும் அதோடு போயிற்று. நாம் சொல்வது அத்தனையும் புரியும். பதில் சொல்லத்தான் வார்த்தை அகப்படாது. அகப்பட்டாலும் பாதி வார்த்தை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நாலு வருஷம் இரும்போடும் எண்ணெயோடும் பேசிக்கொண்டிருந்த மனுஷர், இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுகிறார்.

வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பிசியோதெரபி. நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், பயிற்சி கொடுக்கிற இடம் தில்லைநகரில். ஆட்டோவில் இவரை ஏற்றி இறக்குவது நரக வேதனை. படி உயரம், குனிய வேண்டும், பிடித்துக்கொள்ள ஒரு கைதான். காரில் அப்படி இல்லை. முன் சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, முதலில் முதுகைக் காட்டி உட்கார வைத்து, அப்புறம் இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்பி விட்டால் ஆயிற்று. இதற்காகத்தான் ஐம்பத்து மூன்று வயதில் 'எல்' போர்டு மாட்டிக்கொண்டு கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட நாளிலிருந்து, வெளிநாட்டில் இருக்கும் பையனுக்கு அது பிடிக்கவில்லை. "அந்தப் பழைய காரை வித்துடும்மா, டாக்ஸி கூப்பிட்டுக்கோ" என்று வாரம் தவறாமல் சொல்வான். நானும் வாரம் தவறாமல் பேச்சை மாற்றுவேன்.

இந்த நிலைமையில்தான் 2024 ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் போல முதல் நாள் காரை வாட்டர் சர்வீஸுக்கு விட்டேன். அந்தப் பையன் பானெட்டைத் திறந்து, குழாயை என்ஜினுக்குள்ளேயே பீய்ச்சி அடித்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தான். சந்தனம், குங்குமம், பூசணிக்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பூஜை முடிந்து பத்து நாள் இருக்கும். பிசியோதெரபி முடிந்து வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கிறது, என்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. 'கிர்... கிர்... கிர்...' என்று இழுத்து இழுத்து, நான் சமயபுரத்தாளை வேண்டிக்கொண்ட பிறகு ஸ்டார்ட் ஆயிற்று. நாலு நாள் கழித்து இன்னொரு தடவை. அன்றைக்கு டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிந்தது. அடுத்த நாள் காலையில் அது தானே அணைந்துவிட்டது. அணைந்ததும் நானும் சும்மா இருந்துவிட்டேன். காய்ச்சல் விட்டுவிட்டது என்று டாக்டரிடம் போகாமல் இருப்போமே, அந்த மாதிரி!

நவம்பர் 4, திங்கட்கிழமை. சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் காவேரிப் பாலத்தில் ஏறி, பாதி தூரம் வந்திருப்போம். ஒரு குலுங்கல். என்ஜின் சத்தம் அப்படியே அடங்கிப் போயிற்று. பின்னால் டவுன் பஸ். அவன் அடித்த ஹாரனில் எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. ஸ்டியரிங் கல்லாகக் கனத்துப் போய்விட்டது. என்ஜின் நின்றுவிட்டால் ஸ்டியரிங் கனத்துப் போகும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்கு மேல் லேசாகப் பிடிக்காது என்று டிரைவிங் ஸ்கூலில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நீங்களாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை விட்டுவிட்டு அமுக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். வண்டி உருளும்போதே இடது ஓரம் ஒதுங்கிவிட வேண்டும். நாலு விளக்கும் சேர்ந்து மினுக்குகிற அந்தச் சிவப்பு முக்கோண பட்டன் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே ஒரு தடவை தேடிப் பாருங்கள். ஆபத்து வேளையில் தேடினால் கண்ணுக்கு அகப்படாது.

ஓரமாக நிறுத்திவிட்டேன். சாவியைத் திருப்பினால் பத்து செகண்டு எடுத்துவிட்டு நின்றது. விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கக்கூடாது, பாட்டரி இறங்குவதோடு செல்ஃப் மோட்டாரும் சூடாகிவிடும் என்று மட்டும் தெரியும். அதனால் விட்டு விட்டு முயற்சி செய்தேன். பக்கத்தில் இவர் இடது கையால் பானெட்டைக் காட்டிக் காட்டி, "ஆட்... ஆட்டு... ஆட்டு..." என்கிறார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"ஆட்டோதானே? இதோ கூப்பிடறேன்னா. பதறாதேள்" என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டி, டாஷ்போர்டைக் கையால் தட்டினார். எனக்கு எங்கே புரிந்தது? ஆட்டோ வந்தது. ஆட்டோக்காரரும் ஒரு கல்லூரிப் பையனும் சேர்ந்து இவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். வீடு வரும்வரை என் பக்கமே திரும்பவில்லை இவர். கோபம் என்று நினைத்தேன்.

மறுநாள் காரை ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஆச்சரியம், காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆயிற்று! அங்கே சட்டை கசங்காத ஒரு பிள்ளை, "மேடம், சார் வரலையா?" என்றது முதல் கேள்வி. "சாருக்கு உடம்பு சரியில்லை. என்னிடம் சொல்லுங்கள்" என்றேன். ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஓட்டை வைத்த ஒரு சாக்கெட் இருக்கிறது. இத்தனை நாள் ஓட்டியும் நான் பார்த்ததில்லை! அதில் ஸ்கேனரைச் சொருகினார்கள். 'பி 0340' என்று வந்தது. "கேம் சென்சார் போயிடுச்சு மேடம். மாத்திடலாம்." மாற்றினார்கள். கூலியோடு 2,640 ரூபாய். பழைய சென்சாரைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மிக்ஸி ரிப்பேரானாலும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவது என் மாமியார் காலத்துப் பழக்கம். கொடுக்கத் தயங்கினால் மாற்றவேயில்லை என்று அர்த்தம் என்பார் அவர்.

எட்டு நாள் வண்டி தேர் மாதிரி ஓடிற்று. நவம்பர் 13, புதன்கிழமை, நல்ல மழை விட்ட நேரம், மாம்பழச் சாலை அருகே ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. மறுபடி குலுங்கல், மறுபடி மஞ்சள் விளக்கு, மறுபடி நின்றுவிட்டது. திரும்ப அதே ஒர்க்‌ஷாப். இந்த முறை முகத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டு, "சென்சார் புதுசு மேடம். அப்போ டைமிங் செயினாத்தான் இருக்கும். என்ஜின் முன்பக்கம் இறக்கிப் பார்க்கணும். முப்பதாயிரத்துக்குக் குறையாது" என்றார்கள்.

அன்று ராத்திரி பையன் போன் செய்தபோது, "சரிடா, வித்துடலாம்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இவர் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

எதிர்வீட்டு அக்காதான், "திருவானைக்காவல் பக்கம் புளியமரத்தடியில் ஒரு பாய் ஷெட் போட்டிருக்கார். நிதானமாப் பார்ப்பார், அவரையும் ஒரு வார்த்தை கேட்டுடு" என்றாள். சனிக்கிழமை காலை இவரையும் உட்கார வைத்துக்கொண்டு போனேன்.

பாய்க்கு என் வயசு இருக்கும். பானெட்டைத் திறப்பதற்கு முன்னால், "எப்பல்லாம் நிக்குது, சொல்லுங்க மாமி" என்று கேட்டார். இத்தனை நாளில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனுஷர் அவர்தான்! நான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். இவருடைய பி.பி.யை தினமும் எழுதி வைக்கிற நோட்டு அது. அதன் கடைசிப் பக்கத்தில் காரின் கதையையும் குறித்து வைத்திருந்தேன். தேதி, மணி, எத்தனை நேரம் ஓடின பிறகு, மழையா வெயிலா, விளக்கு எரிந்ததா இல்லையா என்று. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

"காலைல ஆறின வண்டியில ஒரு தடவையும் வரல. சூடேறின பிறகு வருது. மழைக்கு அப்புறம் ஜாஸ்தி. பள்ளத்துல விழுந்தா வருது. புது சென்சார் போட்டும் வருது." நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "சென்சார் வேலையே பாதிதான் மாமி. அதுக்குப் போற ரோடு மீதிப் பாதி. ரோட்டை யாரும் பாக்கல."

இந்த இடத்தில் கேம் சென்சார் என்றால் என்னவென்று நான் புரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பாதி சகோதரிகள் பக்கத்தைத் திருப்பத் தயாராக இருப்பது தெரிகிறது!

சுவரில் மாட்டியிருக்கிற முள் கடிகாரம் ஆறு மணி காட்டுகிறது. காலை ஆறா, மாலை ஆறா? கடிகாரத்தை மட்டும் பார்த்தால் சொல்ல முடியாது. ஜன்னலைத் திறந்து சூரியன் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். சின்ன முள் நாளைக்கு இரண்டு சுற்று, சூரியன் ஒரு சுற்று. என்ஜினிலும் இதே கணக்குத்தான். கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் மேலே கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. நாலு சிலிண்டர் வண்டியில் ஒன்றாம் பிஸ்டனும் நாலாம் பிஸ்டனும் ஜோடியாக மேலே வரும். ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை அழுத்திக்கொண்டு, பற்றவைக்கத் தயாராக வரும். இன்னொன்று எரிந்து முடிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு வரும். கிராங்க் பக்கம் இருக்கிற சென்சாருக்கு இரண்டும் மேலே வந்ததுதான் தெரியும். எது எதற்காக வந்தது என்று தெரியாது. அதைச் சொல்வதுதான் கேம் சென்சாரின் வேலை. அது சொன்ன பிறகுதான் கம்ப்யூட்டர் பெட்டி அந்தந்த சிலிண்டருக்கு அதனதன் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சி, தீப்பொறியைக் கொடுக்கும்.

அந்தத் தகவல் வரவில்லை என்றால் சில கார்கள் உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் ஆக நேரமாகும், பிக்கப் குறையும், அவ்வளவுதான். சில கார்கள் ஸ்டார்ட்டே ஆகாது. எங்கள் வண்டி மாதிரி தகவல் வந்து வந்து அறுந்தால், குலுக்கிவிட்டு நின்றும் போகும்.

சென்சார் என்பது பார்ப்பதற்குக் கட்டைவிரல் அளவு கறுப்பு பிளாஸ்டிக். என்ஜினின் தலைப் பகுதியில் ஒரே ஒரு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். கேம் ஷாஃப்ட்டோடு சுற்றுகிற ஒரு பல்லோ மேடோ அதன் மூக்குக்கு முன்னால் போகும்போது காந்த சக்தி மாறும். அந்த மாற்றத்தை மின்சாரத் தகவலாக மாற்றி அனுப்பும். எதையும் தொட்டுக்கொள்ளாது. 1879-ல் எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த தத்துவம் இது என்று பேத்தி படித்துச் சொன்னாள். இந்த வகைச் சென்சாருக்கு மூன்று கம்பி. ஒன்றில் மின்சாரம் வரும், ஒன்று எர்த், ஒன்றில் தகவல் போகும். (இரண்டே கம்பி உள்ள இன்னொரு வகையும் உண்டு. அதைச் சோதிக்கிற முறை வேறு.)

சரி, ஷெட்டுக்கு வருவோம். பாயும் ஒரு ஸ்கேனர் வைத்திருந்தார். அதே 'பி 0340'. "இந்த நம்பருக்கு சென்சார் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல மாமி. அந்த சர்க்யூட்ல எங்கியோ கோளாறுன்னுதான் அர்த்தம். நீங்க போன் பண்றீங்க, நான் எடுக்கல. போன் உடைஞ்சிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். ஒண்ணுமே பார்க்காம புது போன் வாங்கினா?"

டைமிங் செயின் பற்றிப் பயத்தோடு கேட்டேன். அதை அவர் அலட்சியமாக ஒதுக்கவில்லை. செயின் தளர்ந்தாலும், பெல்ட் உள்ள வண்டியில் பல் தாண்டினாலும் கேம் சென்சார் பக்கம் நம்பர் வருமாம். அப்படி இருந்தால் ஓட்டவே கூடாது, பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி வளைந்துவிடும் என்றார். ஆனால் அதற்கு கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்கிற 'பி 0016' மாதிரி நம்பர் வரும். அது இங்கே இல்லை. என்ஜினில் காதை வைத்துக் கேட்டார். செயின் சத்தமும் இல்லை. "தளர்ந்த செயின் பள்ளத்துல விழுந்ததும் மோசமாகி, காலைல எழுந்ததும் சரியாகுமா மாமி?" எனக்கு அது நியாயமாகப் பட்டது. இவருக்கு வருகிற மாத்திரைகளை வைத்துக்கொண்டு இரண்டு டாக்டர்களிடம் அலைந்தவள் நான். எந்த டாக்டர் யோசிக்கிறார், எந்த டாக்டர் எழுதித் தள்ளுகிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றினார். பிறகு சென்சாருக்குப் போகிற வயரின் நுனியில் இருக்கும் கப்ளரைப் பிடித்து, லேசாக, குழந்தை கையைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி ஆட்டினார். இந்தப் பக்கம் ஓர் ஆட்டு, அந்தப் பக்கம் ஓர் ஆட்டு.

என்ஜின் 'டப்'பென்று நின்றது.

காருக்குள்ளிருந்து ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் இவர் இடது கையால் டாஷ்போர்டைத் தட்டுகிறார். "ஆட்டு! ஆட்டு!"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது, சகோதரிகளே. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் பாலத்தில் இவர் சொன்னது ஆட்டோ இல்லை. வயரை ஆட்டிப் பார் என்று சொல்லியிருக்கிறார். பேச்சுத்தான் போயிற்று, பொன்மலை போகவில்லை. நான் ஆட்டோவைக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்துப் போனேன்! பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் வந்து, "சார், முன்னாடியே சொல்லிட்டீங்களாமே" என்றார். அதன் பிறகு ஒவ்வொன்றையும் இவருக்குக் காட்டிக் காட்டித்தான் செய்தார். இவரும் தலையை அசைத்தும் கையைக் காட்டியும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பிசியோதெரபியில் கூட இத்தனை உற்சாகமாக இவரை நான் பார்த்ததில்லை.

கப்ளரைக் கழற்றாமல் பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து மீட்டரை வைத்தார். எர்த் சரி. தகவல் கம்பி, என்ஜினைக் கையால் ஸ்பானர் போட்டு மெதுவாகத் திருப்பும்போது பூஜ்யத்துக்கும் ஐந்து வோல்ட்டுக்கும் மாறி மாறிக் காட்டியது. ஆகவே சென்சார் நன்றாக இருக்கிறது. மின்சாரம் வருகிற கம்பியில் ஐந்து வோல்ட் இருந்தது. (சில வண்டிகளில் பன்னிரண்டு வருமாம்.) கப்ளரை ஆட்டினதும் சடாரென்று ஒன்றுக்கு இறங்கிவிட்டது. அகப்பட்டது திருடன்!

சாவியை எடுக்கச் சொல்லிவிட்டுக் கப்ளரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே மூன்று பின். நடுவில் ஒன்று பச்சையாக இருந்தது. எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பித்தளைச் சொம்பை ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் ஏறுமே, அதே களிம்பு! கப்ளர் பூட்டிக்கொள்கிற கொக்கி எப்போதோ உடைந்திருந்தது. உள்ளே தண்ணீர் போகாமல் தடுக்கிற ரப்பர் விளிம்பும் கிழிந்திருந்தது. அந்த லட்சணத்தில்தான் ஆயுத பூஜைக்காகக் குழாயை வைத்து அடித்திருக்கிறார்கள். தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிட்டது, களிம்பு ஏறிவிட்டது. சூட்டில் பின் தளரும், குலுங்கினால் விலகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்பில் புது சென்சார் போட்டபோது கப்ளரைக் கழற்றி மாட்டினார்கள் அல்லவா? அந்த உரசலில் களிம்பு கொஞ்சம் தேய்ந்து எட்டு நாள் ஓடியிருக்கிறது. குணமானது சென்சாரால் அல்ல!

"புளி போட்டுத் தேய்க்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். பாய் சிரித்த சிரிப்பில் ஷெட்டில் இருந்த பையன்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். புளி, எலுமிச்சை எதுவும் கூடாது. புளிப்பு தங்கினால் இன்னும் அரிக்கும். இதற்கென்று ஸ்பிரே விற்கிறார்கள், அதை அடித்துக் காயவிட வேண்டும் என்றார். ஆனால் எங்கள் கப்ளர் அந்த நிலைமையைத் தாண்டிவிட்டது. கடைக்குப் பையனை அனுப்பி, வால் வயரோடு புதுக் கப்ளர் வாங்கி வரச் சொன்னார். மூன்று வயரையும் வேறு வேறு இடத்தில் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று உரசாதபடி பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்கிற குழாயை ஒவ்வொன்றின் மேலும் போட்டார். என்ஜின் அதிரும்போது வயர் இழுபடாமல் இருக்க ஒரு கிளிப். அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்று சொன்னார்.

"பழைய சென்சார் இருக்கா மாமி?"

மாமியார் வாழ்க! பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புதிதைக் கழற்றிவிட்டுப் பழையதையே, ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி உட்கார வைத்தார். ஸ்கேனரில் பழைய நம்பரை அழித்தார். "இதோட பத்து நாள் ஓட்டுங்க. நிக்கலேன்னா புதுசு உங்க ஸ்பேரு." பில் 650 ரூபாய். நான் ஆயிரமாகக் கொடுத்தும் மீதியைக் கணக்குப் பண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

கிளம்பும்போது பானெட்டைப் பாய் மூடப் போனார். இவர் கையை நீட்டித் தடுத்தார். மெதுவாக இறக்கிக் கொண்டுபோய், கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டேன். இடது கையால் அந்தப் புதுக் கப்ளரைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகுதான் காரில் ஏறினார்.

பத்து நாள் ஓட்டினேன், ஒரு மாதம் ஓட்டினேன். 2025 ஆயுத பூஜையும் வந்து போயிற்று. பழைய சென்சாரோடுதான் கார் ஓடுகிறது.

இதைப் படித்துவிட்டு நீங்களே ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். அந்த வேலை தெரிந்தவர்களுடையது. ஆனால் மஞ்சள் விளக்கு எரிந்தால், தானே அணைந்தாலும், என்ன நம்பர் வந்தது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "பாகத்தை மாற்றுவதற்கு முன்னால் கப்ளரையும் வயரையும் பார்த்தீர்களா? மீட்டர் வைத்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டதும் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார், நான் பார்த்திருக்கிறேன். எலி கடித்த வயராலும் இதே நம்பர் வருமாம். தரையோடு வண்டி நிறுத்துகிற வீடுகளில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பூஜைக்கு என்ஜினைத் துடைக்க ஆசையாக இருந்தால் பிழிந்த ஈரத்துணி போதும். போன பூஜைக்கு வாட்டர் சர்வீஸ் பையன் வழக்கம்போல பானெட்டைத் திறக்கச் சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் உள்ளேயிருந்து, தெளிவாக, முழு வார்த்தையாக, "வேண்டாம்" என்றார்.

ஸ்பேர் சென்சார் அதன் டப்பாவிலேயே பூஜை அலமாரியில் இருக்கிறது. அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன்.

அடுத்த இதழில், பலர் கேட்டிருந்தபடி, ஒரு கையால் சாப்பிடுகிறவர்களுக்குத் தட்டு நகராமல் இருக்க நான் செய்திருக்கும் ஏற்பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.